இருநூற்றுப் பதினான்காம் குச்சி

குச்சி திரும்பவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான்கு மாதம் பார்த்தேன். திரும்பவே இல்லை.

குச்சி என்றால் ஈர்க்குச்சி. தென்னந்துடைப்பத்திலிருந்து உருவி, மூன்று அங்குலத்துக்கு நறுக்கி, ஒரு முனையில் காவி தோய்த்து, ஊசிமுனையால் எண் கீறியது. எண்ணைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பூட்ட ஓர் அலமாரி இருந்தது. சாவி தலைமைக் குமாஸ்தா எத்திராஜின் இடுப்பில் இருந்தது.

தண்டையார்பேட்டை தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பழைய தோல் கிடங்கில் எங்கள் நிலையம் நடந்தது. விறைத்த மூலக்கூறு ஆராய்ச்சி நிலையம் என்று பலகை. கிடங்கிலிருந்து தோல் போய்விட்டது, நாற்றம் போகவில்லை. எதிரில் ரேஷன் கடை. அரிசி அளவைக் குறைத்த வருஷம் அது. விடியுமுன்பே வரிசை தொடங்கி எங்கள் வாசல் வரை வளைந்து வரும்.

சேர்ந்த அன்று இயக்குநர் டாக்டர் வரதன் எனக்கு நிலையத்தின் நோக்கத்தை விளக்கினார். சீமையில் படித்தவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார்.

"சில திரவங்களில் மூலக்கூறு எல்லாம் நூல் மாதிரி. நெளியும், பின்னிக்கொள்ளும், வளைந்து கொடுக்கும். அதற்கு நடுவில் சில மூலக்கூறு குச்சி மாதிரி விறைப்பாக நிற்கும். வளையவே வளையாது. நூல்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அந்தக் குச்சி என்ன செய்யும்? சாயம், ரப்பர், செயற்கைப் பட்டு, எல்லாத் தொழிலும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது."

"என்ன செய்யும் சார்?"

"திரும்பும். நாற்பது நிமிஷத்தில் ஒரு முழு வட்டம். என் ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன்."

"எழுதியாகிவிட்டால் எதைப் பார்க்கப் போகிறோம் சார்?"

"அது திரும்புவதை."

மூலக்கூறைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்கான கருவி கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கி இரண்டு வருஷமாகச் சுங்கக் கிடங்கில் இருந்தது. தீர்வை போட, அது வாத்தியமா இயந்திரமா என்று சுங்கத்தார் இன்னும் முடிவு செய்யவில்லை. அதுவரை மாதிரிகளை வைத்து ஆராய்வது என்று ஏற்பாடு. மூலக்கூறுக்குப் பதில் ஈர்க்குச்சி. நூல் நூலாகப் பின்னிய திரவத்துக்குப் பதில் அரிசிக் கஞ்சி.

கஞ்சிக்கு நாள் ஒன்றுக்கு எட்டுப் படி அரிசி தனி உத்தரவில் வந்தது. பெருக்கவும் சமைக்கவும் இருந்த பூவம்மா காலை ஆறு மணிக்குக் குழைய வடிக்காமல் காய்ச்சி, மசித்து, ராயபுரத்துப் படகுத் தச்சர் செய்துகொடுத்த நீண்ட மரத்தொட்டியில் ஊற்றுவாள். பத்து மணிக்குக் குச்சியை வைப்போம். நான் நிறுத்து கடிகாரத்தோடு ஸ்டூலில் உட்காருவேன். மாலை நான்கு மணிக்குக் கஞ்சியைக் கொல்லைப்புறக் குழியில் கொட்டி, எத்திராஜ் முன்னிலையில் சுண்ணாம்பைத் தூவி மூடுவார்கள். ஆராய்ச்சிப் பொருள் வெளியார் கையில் போய்விடக் கூடாது என்பது விதி.

குச்சி முறிந்தால் விசாரணை உண்டு. இரண்டு பேர் கையெழுத்திட்ட முறிவுச் சான்றிதழ் வேண்டும். அது முடிய ஏழு நாள் ஆகும். சேர்ந்த இரண்டாம் மாதம் என் மனைவி மலர்க்கொடி பிரசவத்தில் இறந்தாள். அதற்கு மூன்று நாள் விடுப்புக் கொடுத்தார்கள்.

நான்காம் நாள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்த வேலை எனக்கு ஒத்துப்போயிற்று. நகராத ஒன்றை ஆறு மணி நேரம் பார்க்க வேண்டும். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

குச்சி முற்றிலும் நகரவில்லை என்று சொல்ல முடியாது. தன் நீளவாட்டில் மட்டும், ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பின்னே போயிற்று. பக்கவாட்டில் திரும்பக் கஞ்சி விடவில்லை. இதைக் குறித்து வைத்தேன். இயக்குநர் சிவப்பு மையால் அடித்தார்.

"நீளவாட்டில் நகர்வது நகர்வாகாது. அது அதன் சொந்த விஷயம்."

பூவம்மா தினமும் தொட்டி ஓரமாகப் பெருக்கும்போது கேட்பாள். "இன்னா ஸாரே, குச்சி திரும்பிச்சா?"

"இல்லை."

"அது இன்னாத்துக்குத் திரும்பணும்? கஞ்சிக்குள்ள சொகமாப் படுத்துக்கினு கீது. நானா இருந்தா நானுந்தான் திரும்ப மாட்டேன்."

என் பெண் குழந்தை பிழைத்துவிட்டது. பூவம்மாவின் தங்கை தாயம்மா என் தெருவுக்குப் பின்தெருவில் இருந்தாள். அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. இரண்டுக்கும் பால் கொடுத்தாள். பகலில் குழந்தை அங்கே, மாலையில் நான் போய் எடுத்துக்கொள்வேன். எங்கள் தெருவில் இரண்டு வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். அவர்களிடம் பால் இல்லை.

ஐந்தாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, குச்சி திரும்பியது.

முப்பத்தெட்டு நிமிடம். முழு வட்டம். காவி முனை கிழக்கிலிருந்து கிளம்பிக் கிழக்குக்கே வந்தது. இயக்குநரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு ஊழியர் எல்லாரையும் தொட்டியைச் சுற்றி நிற்கவைத்துப் பேசினார்.

"கஞ்சியை ஏழையின் உணவு என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் கஞ்சியைக் குடித்திருப்பார்கள், புரிந்துகொண்டதில்லை. வயிற்றுக்குள் போன கஞ்சியால் இந்த நாட்டுக்கு இதுவரை ஒரு கட்டுரையாவது கிடைத்திருக்கிறதா?"

எத்திராஜ் கைதட்டினார். பூவம்மாவும் தட்டினாள்.

மறுவாரம் இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. அதற்கடுத்த வாரம் ஒன்பது. நாற்பது நிமிடக் கணக்கு இடித்தது. இயக்குநர் இரண்டு நாள் அறையைச் சாத்திக்கொண்டு யோசித்து விடை கண்டார். குச்சிகளுக்குப் பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அன்றிலிருந்து ஒருமுறை திரும்பிய குச்சிகள் அனுபவமுள்ள குச்சிகள் எனப்பட்டன. அவற்றுக்குத் தனித் தட்டு. புதுக் குச்சிகளோடு கலக்கக் கூடாது. எத்திராஜ் அவற்றுக்கு ஒரு மூப்புப் பட்டியல் தயாரித்தார். அறுநூறு குச்சிகளில் இருநூற்றுப் பதினான்காம் குச்சி மூன்று முறை திரும்பி முதலிடத்தில் இருந்தது.

பட்டியல் முடிந்த அன்று மாலை தாயம்மா வீட்டுக்குப் போனேன். அவள் ஒரு தொடையில் தன் பையனையும் இன்னொரு தொடையில் என் பெண்ணையும் போட்டுக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. இப்பத்தான் குடிச்சிட்டுக் கண்ண மூடுச்சு. பேரு வெச்சீங்களா இல்லியா? நான் எத்தினி நாளைக்கி ஏய் ஏய்னு கூப்புடறது?"

நான் குழந்தையின் துணியைச் சரிசெய்தேன். அவள் பல்லிடுக்கிலிருந்து ஏதோ எடுத்துத் தரையில் வைத்தாள்.

"தூ. தொடப்பக் குச்சி. இன்னாத்தப் போட்டுக் காச்சுறாளோ எங்க அக்கா."

எடுத்துப் பார்த்தேன். மூன்று அங்குலம். ஒரு முனை காவி. எண்ணைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

"கஞ்சி எங்கிருந்து?"

"அக்காதான் காலைல கொண்டாந்து ஊத்தும். இந்த வரிசைல கீற ஆறு வூட்டுக்கும் ஊத்தும். ரேஷன் அரிசி ரெண்டு வேளைக்கி வரல. நான் இத்தக் குடிக்கலன்னா உங்க பொண்ணுக்குப் பாலுக்கு எங்க போறது?"

குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கே போய்த் தொட்டியில் விரலை விட்டேன். தண்ணீராக இருந்தது. பின்வாசல் குழாயடி ஈரமாக இருந்தது. பூவம்மா காலையில் கஞ்சியைக் குடம் குடமாக மொண்டுகொண்டு போய், தொட்டி குறையாமல் குழாய்த் தண்ணீரை ஊற்றிவந்தாள். முந்தின நாள் தொட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்ட குச்சி அந்தக் குடத்தோடு போயிருக்கிறது. முப்பத்தெட்டு நிமிடம் என்றால் இரண்டு குடம். இருபத்திரண்டு என்றால் நாலு. ஒன்பது என்றால் ஆறு. கடிகாரத்தைப் பார்த்தாலே எத்தனை வீட்டுக்குக் கஞ்சி போயிற்று என்று சொல்லிவிடலாம்.

யாரிடமும் சொல்லவில்லை. பூவம்மாவிடமும் சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்பது நிமிடம் என்று எழுதினேன்.

ஆனால் இருநூற்றுப் பதினான்கு தட்டில் இல்லை. மாதக் கடைசிச் சனிக்கிழமை எண்ணும்போது எத்திராஜ் கண்டுபிடித்துவிட்டார். விசாரணைக் குழு கூடியது. இயக்குநர் நடுவில், எத்திராஜ் பக்கத்தில். நான் குறிப்பெடுக்க. குச்சி என் சட்டைப் பையில் இருந்தது. திருப்பிக் கொடுத்தால் எங்கே கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

பூவம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"குச்சி எங்கே?" என்றார் எத்திராஜ்.

"எந்தக் குச்சி ஸாரே?"

"இருநூற்றுப் பதினான்கு."

"தொடப்பக் குச்சிதான? இந்தா, இந்தத் தொடப்பத்துல நூறு கீது. எத்தினி வோணுமோ உருவிக்கோ."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அது மூன்று தடவை திரும்பிய குச்சி."

"நான் தெனம் முப்பது தபா குனிஞ்சு திரும்புறேன். என்னிய ஒரு தட்டுல வெச்சீங்களா?"

அவளை வெளியே அனுப்பினார்கள். குச்சி நீளவாட்டில் நகர்ந்து தொட்டியைவிட்டே வெளியேறியிருக்கலாம் என்றார் இயக்குநர். அப்படி எழுதினேன். எத்திராஜ் ஒப்பவில்லை. குச்சி தனியாகப் போகாது, கஞ்சியோடுதான் போயிருக்கும் என்றார். நிலையத்தில் அறிவு இருந்த ஒரே ஆள் அவர். அந்த அறிவை வைத்து என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

வியாழக்கிழமை கோட்டையிலிருந்து செயலாளர் வருவதாக இருந்தது. புதன்கிழமை எத்திராஜ் என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போய் ஒரு சின்ன சீசாவைக் கொடுத்தார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது.

"நேர்வாள எண்ணெய். நாளைக்கு ஆறரை மணிக்கு வந்து தொட்டியில ஊத்திக் கலக்கிடுங்க. எவனுக்குப் பேதி ஆகுதோ அவன் திருடன். விஞ்ஞான முறை."

"நாலு சொட்டுக்கே ஆள் படுத்துவிடுவான். இது ஒரு சீசா."

"திருடாம இருந்தா ஒண்ணும் ஆகாதே."

"குழந்தைகள் குடித்தால்?"

"குழந்தைங்க திருடாதுங்க தம்பி. பெரியவங்க திருடிக் குடுக்கிறது. அப்ப பழி யாரு மேல? டைரக்டருக்கும் சம்மதம். எழுத்துல மட்டும் வேணாம்னு சொன்னாரு."

நான் சீசாவை வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் சுண்ணாம்புக் குழியில் கவிழ்த்து, மண்வெட்டியால் மூடினேன். பிறகு பூவம்மாவிடம் போனேன்.

"நாளைக்குக் கஞ்சி எடுக்காதீங்க."

அவள் துடைப்பத்தை நிறுத்தினாள். என்னையே பார்த்தாள்.

"எத்தினி நாளா தெரியும்?"

"மூணு வாரம்."

"தெரிஞ்சுக்கினுதான் அந்த ஸ்டூல்ல குந்திக்கினு இருந்தியா நைனா?" என்றாள். முதல் தடவையாக என்னை ஸாரே என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை செயலாளர் வந்தார். பத்திரிகைக்காரர் ஒருவரும் படம் பிடிக்கும் ஆள் ஒருவரும் கூட வந்தார்கள். தொட்டியில் கஞ்சி முழுசாக, கெட்டியாக, பளபளவென்று இருந்தது. அனுபவமுள்ள குச்சிகளில் இரண்டாம் இடத்திலிருந்த பதினேழாம் குச்சியை இயக்குநர் தம் கையாலேயே வைத்தார். கடிகாரத்தை அழுத்தினேன்.

பத்து நிமிடம் போயிற்று. நாற்பது போயிற்று. பதினேழு படுத்திருந்தது.

"திரும்புகிறதா?" என்றார் செயலாளர்.

"தங்கள் முன்னிலையில் சற்றுத் தயங்குகிறது" என்றார் இயக்குநர். வியர்த்திருந்தார். "இவை கூட்டமாக இருந்தால் நன்றாக வேலை செய்யும்."

அறுநூறு குச்சிகளையும் கொட்டச் சொன்னார். என் பையில் இருந்த ஒன்று தவிர எல்லாவற்றையும் கொட்டினோம். கிழக்கே, மேற்கே, குறுக்கே என்று கண்டபடி கிடந்தன. குப்பை மாதிரி இருந்தது. இயக்குநர் பூவம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவள் துடுப்பை எடுத்துத் தொட்டியின் ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு மெதுவாக இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். குச்சிகள் ஒவ்வொன்றாக நேராகின. மூன்றாம் இழுப்பில் அத்தனையும் ஒன்றுக்கொன்று இணையாக நீளவாட்டில் நின்றன.

நிலையத்தில் நடந்த உண்மையான ஆராய்ச்சி அது ஒன்றுதான். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. செயலாளர் எழுந்து நின்றுவிட்டார்.

"பாருங்கள்! அறுநூறு குச்சிகள். ஒன்றாவது முணுமுணுத்ததா? ஒன்றாவது குறுக்கே படுத்ததா? இவற்றுக்கு யாராவது அரிசி கொடுத்தார்களா? இல்லை. ஒரு துடுப்பு, அவ்வளவுதான். நிர்வாகம் என்பதை முப்பது வருஷமாக நான் இப்படித்தான் நினைத்துவந்தேன். இன்று கண்ணால் பார்த்தேன்."

வாசலுக்கு வந்தார். எதிரில் ரேஷன் வரிசை வளைந்து நெளிந்து கிடந்தது.

"இவர்கள் ஏன் நெளிகிறார்கள்?"

"பசி, சார்" என்றார் படம் பிடிப்பவர்.

"இப்படி நெளிகிறவர்களுக்கு நடுவில்தான் நாம் விறைப்பாக நிற்க வேண்டியிருக்கிறது" என்றார் செயலாளர் வருத்தத்தோடு. பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது. "டாக்டர், அந்தக் கஞ்சியை இவர்களுக்கு ஊற்றச் சொல்லுங்கள். ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும்."

இயக்குநர் எத்திராஜைப் பார்த்தார். எத்திராஜ் இயக்குநரைப் பார்த்தார்.

"சார், ஆராய்ச்சிப் பொருள். விதிப்படி சுண்ணாம்பு..."

"விதியை நான் தளர்த்துகிறேன்."

ஒரு வாக்கியம் போதும். கஞ்சியில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று அவர்கள் இருவரில் ஒருவர் சொன்னால் போதும். நான் கடிகாரத்தை அழுத்தினேன். பூவம்மாவும் மற்ற ஊழியர்களும் அண்டாக்களில் மொண்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். வரிசை எங்கள் பக்கம் திரும்பியது. கிழவர்கள், சூல் கொண்ட பெண்கள், கப்பல் சரக்கு தூக்கும் ஆட்கள். பூவம்மா குச்சிகளை ஒதுக்கிவிட்டு முதல் குவளையை ஊற்றினாள். நான்கு நிமிடம் இருபது விநாடி. அவர்கள் இருவரும் சொல்லவில்லை. எத்திராஜின் உதடு மட்டும் அசைந்தது. இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் ஒரு வாய் குடியுங்கள் டாக்டர். படத்துக்கு நன்றாக இருக்கும்" என்றார் செயலாளர்.

"இன்று எனக்கு ஏகாதசி சார்."

"எனக்கும்" என்றார் எத்திராஜ்.

"இன்னிக்கி அமாவாசையாச்சே ஸாரே" என்றாள் பூவம்மா, கரண்டியை நிறுத்தாமல்.

"அமாவாசையிலும் ஏகாதசி விரதமா!" செயலாளர் நெகிழ்ந்துபோனார். "இந்த ஒழுக்கம்தான் நிலையத்தை நடத்துகிறது."

வரிசையில் தாயம்மா வந்தாள். இடுப்பில் என் பெண் இருந்தாள். பூவம்மா அவளுக்கு இரண்டு குவளை ஊற்றினாள். தாயம்மா அங்கேயே நின்று குடித்தாள். ஒரு விரலைக் கஞ்சியில் தொட்டுக் குழந்தையின் வாயில் வைத்தாள். எத்திராஜுக்கு என் குழந்தையைத் தெரியும். அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் அசையாமல் நின்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முதலில் முகத்தில் நிம்மதி வந்தது. பிறகு கோபம் வந்தது. நிம்மதி இருந்தது மூன்று விநாடி.

நானும் ஒரு குவளை வாங்கிக் குடித்தேன். உப்பு இல்லை. உப்பு இல்லை என்று தெரிந்தது. மலர்க்கொடி போனதிலிருந்து சாப்பிட்ட எதிலும் எது இருக்கிறது எது இல்லை என்று எனக்குத் தெரிந்ததில்லை.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. சனிக்கிழமை எனக்கு ஓர் ஓலை வந்தது. 'தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணியைத் தாங்கள் நிறைவேற்றாதது குறித்து உடனடியாக விளக்கம் தருக.' கீழே இயக்குநரின் கையெழுத்து. எந்தப் பணி என்று எழுதவில்லை. கீழேயே பதில் எழுதினேன். 'எந்தப் பணி என்பதை எழுத்தில் தெரிவித்தால் விளக்கம் தருகிறேன்.' இன்றுவரை தெரிவிக்கவில்லை. எத்திராஜ் அதற்குப் பிறகு தொட்டிப் பக்கம் வருவதில்லை. சுண்ணாம்பு தூவுவதற்கும் வருவதில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் போனேன். குழாயடி ஈரமாக இருந்தது. பூவம்மா குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

சட்டைப் பையிலிருந்து இருநூற்றுப் பதினான்கை எடுத்துத் தொட்டியில் வைத்தேன். அவள் பார்த்தாள்.

"எத்தனை குடம்?" என்றேன்.

"ஏழு. கடேசி வூட்டுல புச்சா ஒரு புள்ள பொறந்துகீது."

எட்டு நிமிடம் என்று முதலிலேயே எழுதிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினேன். ஏழே முக்காலில் திரும்பிவிட்டது.